ஒரே காட்சியை இருவர் பார்த்தால் ஏன் இரண்டு கதை வருகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் தம்பியும் தெருவில் நடந்த ஒரு சிறு தகராறை அருகருகே நின்று பார்த்தீர்கள். யார் முதலில் தள்ளியது, எத்தனை பேர் சுற்றி நின்றார்கள், தள்ளியவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று எதிலும் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. கண் கேமரா மாதிரிதானே வேலை செய்கிறது, பிறகு எப்படி இந்த வித்தியாசம்? உற்றுப் பார்க்கப் பழகினால் சரியாகிவிடுமா?

முதலில் நேரடியான பதில். இருவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். இருவருமே நன்றாகக் கவனித்தும் இருக்கலாம். ஒரு காட்சியை முழுதாக உள்ளே வாங்கிக்கொண்டு, அப்புறம் அதற்குப் பொருள் தேடுகிறோம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. நடப்பது ஏறத்தாழத் தலைகீழ். ‘இது இன்ன மாதிரி இடம், இங்கே இன்னது நடக்கிறது’ என்ற பொருள்தான் முதலில், மிக வேகமாக வந்துவிடுகிறது. விவரங்கள் அதன் பிறகு துண்டு துண்டாக வருகின்றன, அதுவும் அந்த நேரத்தில் மனதில் ஓடும் கேள்விக்குத் தேவையான அளவு மட்டும். கேள்வி மாறினால் துண்டுகளும் மாறும். உங்கள் இருவருக்கும் காட்சி ஒன்றாக இருந்தது, கேள்வி ஒன்றாக இருந்திருக்காது.

கண்ணிலிருந்து தொடங்கலாம். கையை முழுதாக நீட்டி, கட்டைவிரலை உயர்த்திப் பிடித்து அதன் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம், கண்ணில் அது அடைக்கும் கோணமாகச் சொன்னால், சுமாராக 2 பாகை. விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கிறது. எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கூர்மையான பார்வை அந்தக் குழியிலிருந்துதான் வருகிறது, அதன் அளவும் ஏறத்தாழ அவ்வளவே. அதைத் தாண்டினால் கூர்மை வேகமாகக் குறைகிறது. சந்தேகமாக இருந்தால் இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லில் கண்ணை நிறுத்திக்கொண்டு, கண்ணை அசைக்காமல் நாலு வரி கீழே இருப்பதைப் படிக்க முயன்று பாருங்கள். அங்கே எழுத்து இருக்கிறது என்று தெரியும். என்ன எழுத்து என்று தெரியாது.

ஒளியை உணரும் செல்கள் ஒரு விழித்திரையில் சுமார் 10 கோடி. அங்கிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் உள்ள இழைகளோ சுமார் 10 லட்சம்தான். ஆக, காட்சி கண்ணை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சுருக்கப்பட்டுவிடுகிறது. அந்த நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்களே கிடையாது. இந்தக் குருட்டுப் புள்ளியை எட்மே மாரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1660-களில் கண்டுபிடித்தார். அதுவரை மனித இனம் முழுவதும் தன் பார்வையில் ஒரு ஓட்டை இருப்பதை அறியாமலே வாழ்ந்திருக்கிறது. இன்றைக்கும் அதைச் சோதனை செய்து காட்டினால்தான் நம்புகிறோம்.

கூர்மையான பகுதி இவ்வளவு சிறியது என்பதால் கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது, நொடிக்கு மூன்று நான்கு முறை. தாவும் நேரத்தில் விழித்திரையில் விழும் பிம்பம் கலங்கிப்போகும். ஆனால் அந்தக் கலங்கலை நாம் உணர்வதில்லை, ஏனென்றால் அந்தக் கணங்களில் மூளை பார்வையின் உணர்திறனை அடக்கி வைத்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியானால் எல்லாம் தெளிவாகத் தெரிவதாக ஏன் தோன்றுகிறது? எந்த மூலையைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அரை நொடிக்குள் கண் அங்கே போய்விடுகிறது, போன இடமெல்லாம் தெளிவாக இருக்கிறது. தேடிப்போன இடங்களெல்லாம் தெளிவாக இருந்தால், எல்லா இடமும் எப்போதும் தெளிவாக இருப்பதாகத்தானே முடிவு செய்வோம்? கேட்டவுடன் கிடைக்கும் ஒன்றை, ஏற்கெனவே கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். கேமரா என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது.

இனி இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இவ்வளவு துண்டு துண்டாகப் பார்க்கும் நமக்கு ஒரு காட்சியின் சாரம் மட்டும் எப்படி இவ்வளவு வேகமாகக் கிடைக்கிறது?

1970-களில் மேரி பாட்டர் என்ற உளவியலாளர், படங்களை நொடிக்கு எட்டு வரை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். ஒரு படத்துக்கு எட்டில் ஒரு நொடிதான். எந்த மாதிரிப் படம் வரும் என்று சில சொற்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த வேகத்திலும் பெரும்பாலானவர்கள் அது வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1996-இல் சைமன் தோர்ப்பின் குழு பிரான்சில் இன்னும் கடுமையாகச் சோதித்தது. இதுவரை பார்த்திராத ஒரு படம், வெறும் 20 மில்லிநொடி. அதில் விலங்கு இருக்கிறதா இல்லையா? மிகப் பெரும்பாலான முறை சரியான பதில் வந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோது, விலங்கு உள்ள படத்துக்கும் இல்லாத படத்துக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 150 மில்லிநொடியிலேயே தெரிந்தது. கண் அடுத்த இடத்துக்குத் தாவுவதற்கு முன்பே, ஒரே பார்வையில், விஷயம் ஓரளவு முடிந்துவிடுகிறது.

பொருள்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, கூட்டிப் பார்த்து ‘ஓ, இது சமையலறை’ என்ற முடிவுக்கு வர இந்த நேரம் போதாது. வேறு வழி இருக்க வேண்டும். ஆட் ஒலிவாவும் அந்தோனியோ தொரால்பாவும் 2001-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு காட்சி எவ்வளவு திறந்த வெளியாக இருக்கிறது, எவ்வளவு ஆழமாக உள்ளே போகிறது, மனிதர் கட்டியதா இயற்கையா, பரப்பு எவ்வளவு கரடுமுரடு என்பது போன்ற மொத்த அமைப்பை வைத்தே, அதில் உள்ள எந்தப் பொருளையும் தனியாக அடையாளம் காணாமல், கடற்கரையா காடா நெடுஞ்சாலையா என்று பிரித்துவிட முடியும் என்று காட்டினார்கள். மங்கலாக்கிய ஒரு படத்தைப் பாருங்கள். எதுவும் உருப்படியாகத் தெரியாது, ஆனாலும் அது தெரு என்று சொல்லிவிடுவீர்கள். ஓரக் கண்ணின் மங்கலான பார்வைக்கும் இது போதும். மூளையில் இதற்கென்றே ஈடுபாடு காட்டும் ஒரு பகுதி இருப்பதை ரஸ்ஸல் எப்ஸ்டைனும் நான்சி கான்விஷரும் 1998-இல் கண்டார்கள். அறை, தெரு, நிலப்பரப்பு போன்றவற்றுக்கு அது வலுவாக எழுந்து செயல்படுகிறது. சாமான் எதுவும் இல்லாத வெற்று அறைக்கும் அப்படித்தான். தனி முகத்துக்கு அப்படி எழுவதில்லை.

சாரம் முதலில் வருவதால், அடுத்து வருவதையெல்லாம் அதுவே வழிநடத்துகிறது. 1975-இல் ஸ்டீஃபன் பாமர் ஒரு சமையலறைப் படத்தைக் காட்டிவிட்டு, உடனே ஒரு தனிப் பொருளை ஒரு கணம் காட்டினார். ரொட்டியைக் காட்டினால் எளிதில் கண்டுகொண்டார்கள். உருவத்தில் ரொட்டியைப் போலவே இருக்கும் ஒரு தபால் பெட்டியைக் காட்டினால் தடுமாறினார்கள், பலர் அதையும் ரொட்டி என்றே சொன்னார்கள். இர்விங் பீடர்மன் அதற்கு முன்பே, 1972-இல், ஒரு புகைப்படத்தைத் துண்டுகளாக வெட்டி இடம் மாற்றி ஒட்டினால், வெட்டுப்படாத துண்டில் உள்ள பொருளைக்கூட அடையாளம் காண்பது கடினமாகிறது என்று காட்டியிருந்தார். பொருள் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த ஒழுங்குதான் போயிற்று.

பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து மிகெல் எக்ஸ்டைனின் குழு 2017-இல் செய்த சோதனையை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். குளியலறைப் படம். வழக்கமான அளவில் ஒரு பிரஷ், கூடவே அறைக்குப் பொருந்தாத பிரம்மாண்டமான இன்னொரு பிரஷ். பிரஷ்ஷைத் தேடச் சொன்னால் மனிதர்கள் அந்தப் பெரியதை அடிக்கடி தவறவிட்டார்கள். பொருள்களை அடையாளம் காணப் பயிற்றுவிக்கப்பட்ட கணினி வலையமைப்புகளுக்கு அப்படி எந்தச் சிரமமும் இல்லை. இதை மனிதப் பார்வையின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த அறையில் பிரஷ் என்றால் இவ்வளவு பெரிதாக, இந்த உயரத்தில் இருக்கும் என்று அறிந்து, தேட வேண்டாத இடத்தையெல்லாம் நாம் ஒரேயடியாக ஒதுக்கிவிடுகிறோம். வீட்டுக்குள் சாவியைத் தேடும்போது கூரையைப் பார்ப்பதில்லையே. அந்தத் திறமை இல்லாவிட்டால் ஒரு அறைக்குள் நுழைந்து ஒரு வேலையும் செய்ய முடியாது. உலகம் வழக்கத்தை மீறும் அபூர்வத் தருணங்களில் மட்டும் அது காலை வாரிவிடுகிறது.

பார்ப்பதில் இப்படி ஊகமும் சேர்ந்திருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். பார்வைக்குள் தீர்ப்பும் முன் அனுபவமும் கலந்திருக்கின்றன என்று இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அதை நாம் அறியாமலே நடக்கும் அனுமானம் என்றார். விழித்திரையில் விழுவது தட்டையான பிம்பம். அருகில் உள்ள சிறிய பொருளும் தொலைவில் உள்ள பெரிய பொருளும் அதில் ஒரே அளவில் விழலாம். நிழலில் இருக்கும் வெள்ளைத் தாளும் வெயிலில் இருக்கும் சாம்பல் தாளும் ஒரே அளவு ஒளியைக் கண்ணுக்கு அனுப்பலாம். எது எது என்று பிம்பத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வழியே இல்லை. ஆகவே மூளை தனக்குப் பழக்கமான உலகத்தை வைத்து முடிவு செய்கிறது.

1995-இல் எட்வர்ட் அடெல்சன் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். உருளை ஒன்றின் நிழலில் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும், நிழலுக்கு வெளியே இருக்கும் ‘கறுப்பு’க் கட்டமும் அச்சில் துல்லியமாக ஒரே சாம்பல் நிறம். தெரிந்துகொண்ட பிறகும் கண் ஒப்புக்கொள்வதில்லை. நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் உண்மையான நிறத்தைத் தருவதே பார்வையின் வேலை, அதை அது ஒழுங்காகச் செய்கிறது. 2015 பிப்ரவரியில் இணையத்தையே இரண்டாக்கிய அந்த உடைப் படமும் இந்த வகைதான். உடை உண்மையில் நீலமும் கறுப்பும். ஆனால் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து, எப்படி விழுகிறது என்பதற்குத் தெளிவான தடயம் இல்லை. நீலம் கலந்த நிழலில் இருப்பதாக எடுத்துக்கொண்ட மூளைகள் அந்த நீலத்தைக் கழித்துவிட்டு வெள்ளையும் பொன்னிறமும் கண்டன. மஞ்சள் வெளிச்சத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டவை நீலமும் கறுப்பும் கண்டன. யாரும் யோசித்து முடிவெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முடிவு எடுக்கப்பட்ட பிறகுதான் நிறமே அவர்களுக்குத் தெரிந்தது. மாலை மங்கிய நேரத்தில் பார்த்த சட்டையின் நிறத்தில் நீங்களும் தம்பியும் வேறுபட்டால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

‘யார் முதலில் தள்ளியது’ என்பதற்கு வருவோம். அது வெறும் அசைவு பற்றிய கேள்வி அல்ல, காரணம் பற்றிய கேள்வி. காரணத்தையும் நாம் நேரடியாகப் பார்ப்பதாகவே உணர்கிறோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர் மிஷோத் 1940-களில் இதை எளிமையாகக் காட்டினார். ஒரு சதுரம் நகர்ந்து வந்து இன்னொன்றைத் தொட்டு நிற்கிறது. உடனே இரண்டாவது கிளம்புகிறது. பார்ப்பவர்கள் எல்லோருக்கும் முதலாவது தள்ளியதாகவே தெரியும். இரண்டாவது கிளம்புவதை ஐந்தில் ஒரு நொடி அளவுக்குத் தாமதப்படுத்தினால் போதும், தள்ளியது போன்ற உணர்வு மறைந்துவிடும். 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சிறு அசைபடம் ஒன்றைக் காட்டினார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ‘முக்கோணம் நகர்ந்தது’ என்று சொன்னவர் மிகமிக அரிது. முரடன் ஒருவன் துரத்தினான், இன்னொருவர் பயந்தார், மூன்றாமவர் காப்பாற்றினார் என்றுதான் சொன்னார்கள். வடிவங்களுக்கே இப்படியென்றால், மனிதர்கள் மோதிக்கொள்ளும்போது நாம் நோக்கத்தைச் சேர்க்காமல் பார்ப்பது எப்படிச் சாத்தியம்?

முகத்தில் கோபம் தெரிந்தது என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஹிலெல் அவியேசரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் டென்னிஸ் வீரர்களின் படங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு முக்கியப் புள்ளியை வென்ற கணம், அல்லது இழந்த கணம். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினால் வென்றவரா தோற்றவரா என்று பார்ப்பவர்களால் சொல்ல முடியவில்லை. உடலை மட்டும் காட்டினால் சொல்ல முடிந்தது. உடலோடு சேர்த்து முகத்தைக் காட்டினாலும் சொல்ல முடிந்தது, ஆனால் அப்போது பலர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்ததாக உறுதியாக நம்பினார்கள். உச்ச உணர்ச்சியில் இருக்கும் முகத்துக்குப் பொருளைத் தருவது பெரும்பாலும் அதைச் சுற்றியிருக்கும் காட்சி. தம்பி ஏற்கெனவே அந்த ஆளைத் தள்ளியவராகப் பார்த்திருந்தால், முகத்தில் கோபமும் தெரிந்திருக்கும்.

கேள்வி பார்வையை எப்படித் திருப்புகிறது என்பதை மிக அழகாகக் காட்டியவர் சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ். இல்யா ரேபினின் ஒரு ஓவியம். நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பி அறைக்குள் நுழைகிறார், குடும்பத்தினர் திரும்பிப் பார்க்கிறார்கள். யார்பஸ் அதை ஒரே ஆளுக்குப் பல முறை காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்டுக் கண்ணின் தாவல்களைப் பதிவு செய்தார். இவர்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களிலேயே சுற்றியது. குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன என்று கேட்டால் துணிமணிக்கும் அறையில் உள்ள சாமான்களுக்கும் போனது. பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நினைவில் வைக்கச் சொன்னால் அறை முழுவதும் அலைந்தது. படம் ஒன்று, கண்கள் ஒரே ஜோடி, ஆனால் தாவல்களின் தடத்தை வரைந்தால் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு படங்களைப் பார்த்தது போல இருக்கும். அன்று தெருவில் உங்களுக்கு ‘யாருக்காவது அடிபட்டதா’ என்ற எண்ணமும், தம்பிக்கு ‘நாம் தலையிட வேண்டுமா’ என்ற எண்ணமும் ஓடியிருந்தால், இருவர் கண்ணும் போன இடங்கள் அதிகம் சந்தித்திருக்கவே மாட்டா.

கண் போகாத இடம் தெரியாது என்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். கண் போன இடமும் தெரியாமல் போகலாம் என்பதுதான் ஏற்கக் கடினமானது, அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். 1999-இல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் செய்த கொரில்லா சோதனை பிரபலம். பந்தை எத்தனை முறை மாற்றிப் போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடுவில் வந்து மார்பில் அடித்துக்கொண்டு போனதைக் காணவே இல்லை. இது சாதாரண மக்களுக்குத்தான், பயிற்சி பெற்றவர்களுக்கு நேராது என்று நினைத்தால், 2013-இல் ட்ராஃப்டன் ட்ரூ, மெலிசா வோ, ஜெரமி உல்ஃப் ஆகியோர் செய்ததைக் கேளுங்கள். நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். கடைசிப் படத்தொகுப்பில் ஒரு கொரில்லா உருவத்தைச் சேர்த்திருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட அது 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் பார்க்கவில்லை. கண் அசைவுப் பதிவின்படி, தவறவிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் பார்வை அந்த உருவத்தின் மேலேயே விழுந்திருந்தது.

அந்த மருத்துவர்கள் திறமைசாலிகள். கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் சாதாரண ஆட்களைவிட மிகவும் மேலாகச் செயல்பட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி கட்டி பற்றியது, அதற்கு நல்ல பதில் கிடைத்தது. கொரில்லா பற்றி யாரும் கேட்கவில்லை. சாலையிலும் இதுவே நடக்கிறது. ‘பார்த்தேன், ஆனால் கண்ணில் படவில்லை’ என்ற வகை விபத்துகளை ஆராய்ச்சியாளர்கள் ஒரு தனி வகையாகவே கருதுகிறார்கள். கார் வருகிறதா என்று தேடும் ஓட்டுநரின் கண், எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் மேல் விழுந்தும் அது பதிவாகாமல் போவது அதில் அடிக்கடி வருவது. இப்படிச் சொல்பவரை நாம் உடனே பொய்யர் என்கிறோம். பொறுப்பு அவருடையதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் சொல்வது நடந்த உண்மையாகவே இருக்கலாம்.

மாற்றங்களும் தப்பிவிடும். 1998-இல் சைமன்ஸும் டேனியல் லெவினும் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவர் வழி கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போது இருவர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு நடுவே புகுந்து போகிறார்கள். அந்த இடைவெளியில் வழி கேட்டவர் மாறிவிடுகிறார், உயரமும் குரலும் உடையும் வேறு. வழி சொன்ன 15 பேரில் 7 பேர்தான் கவனித்தார்கள். கேட்பவர் ‘வழி தெரியாத ஒரு ஆள்’ என்ற சாரமே போதுமானதாக இருந்திருக்கிறது.

இவ்வளவும் பார்க்கும் நேரத்தில் நடப்பவை. நினைவு இதற்கு மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. ஹெலன் இன்ட்ராப் 1989-இல் கண்டறிந்த ஒன்று எனக்கு இன்றும் வியப்பு. ஒரு புகைப்படத்தைக் காட்டிவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னால், படத்தின் ஓரத்துக்கு வெளியே இருந்திருக்கக்கூடிய பகுதியையும் சேர்த்தே வரைந்தார்கள். ஓரத்தில் வெட்டுப்பட்ட பொருள் நினைவில் முழுதாகிவிட்டது. படத்தின் சட்டத்துக்கு வெளியேயும் உலகம் தொடர்கிறது என்பது நமக்குத் தெரியும், அந்த அறிவு பார்த்ததோடு கலந்துவிடுகிறது. எது கண்ணால் கண்டது, எது நாமே நிரப்பியது என்று பிறகு பிரிக்க முடிவதில்லை. அன்று எத்தனை பேர் நின்றார்கள் என்று நீங்கள் இருவரும் தரும் எண்ணிக்கையில் இப்படி நிரப்பியவர்களும் இருக்கலாம்.

கேட்கும் விதமும் நினைவை மாற்றும். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் ஒரே கார் மோதல் காட்சியைக் காட்டினார்கள். ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்’ என்று கேட்கப்பட்டவர்கள், ‘இடித்தபோது என்ன வேகம்’ என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, அந்தக் காட்சியில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் முதல் குழுவில் அதிகம்.

உங்களுக்கு இதில் இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. ஃபியோனா காபர்ட்டும் சகாக்களும் 2003-இல் இருவர் இருவராக ஒரே நிகழ்வின் காணொளியைக் காட்டினார்கள். இருவரும் ஒன்றையே பார்த்ததாக நினைத்தார்கள். உண்மையில் வேறு வேறு கோணத்தில் எடுத்தவை, ஒவ்வொன்றிலும் மற்றதில் தெரியாத சில விவரங்கள். பிறகு பேசிக்கொள்ள விட்டார்கள். பேசியவர்களில் 71 விழுக்காட்டினர், தாங்கள் பார்த்திருக்கவே முடியாத, மற்றவரிடம் கேட்டுக்கொண்ட ஒன்றையாவது தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். நீங்களும் தம்பியும் இன்னும் ஒத்துப்போகாமல் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். நாலு முறை சேர்ந்து பேசி ஒத்துப்போன கதையைவிட, பேசாமல் தனித்தனியே எழுதிய இரண்டு வேறுபட்ட கதைகளிலிருந்து நடந்ததை ஊகிப்பது எளிது. காவல் விசாரணையில் சாட்சிகளைப் பிரித்து வைத்துக் கேட்பது இதனால்தான். அந்தத் தகராறு பற்றி யாராவது உங்களிடம் விசாரிக்க வாய்ப்பு இருந்தால், இப்போதே தனித்தனியாக எழுதி வைத்துவிடுங்கள். எழுதும்போது ‘கண்டது’ எது, ‘அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுவது’ எது என்று முடிந்த அளவு பிரித்து எழுதுங்கள்.

சரி, உற்றுப் பார்க்கப் பழகினால் மாறுமா என்ற இரண்டாவது கேள்வி. பார்வை கற்றுக்கொள்ளப்படுவது என்பதில் சந்தேகமில்லை. ரிச்சர்ட் கிரெகரியும் ஜீன் வாலஸும் 1963-இல் விவரித்த ஒரு மனிதர், குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்து, 52 வயதில் கருவிழி மாற்று அறுவையால் அதைத் திரும்பப் பெற்றவர். பார்வையற்ற காலத்தில் கருவிகளில் பெரும் ஆர்வம் கொண்டிருந்தவர். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கடைசல் இயந்திரத்தை அவருக்குக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபோது அவரால் அதை விளங்கிக்கொள்ள முடியவில்லை. பெட்டியைத் திறந்து தொடவிட்டதும், கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆவலாகக் கைகளால் தடவிப் பார்த்தார். பிறகு சற்றுப் பின்னால் நின்று பார்த்து, தொட்டுப் பார்த்துவிட்டதால் இப்போது தெரிகிறது என்றார். கண்ணுக்குள் ஒளி வருவது ஒன்று, அது ஒரு பொருளாக ஆவது வேறொன்று. நமக்கு இரண்டும் சேர்ந்தே நடப்பதால் இடையில் உள்ள வேலை தெரிவதில்லை.

ஆனால் கற்றுக்கொள்வது எப்போதும் குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்கத்தான். பறவை பார்ப்பவர் பறவையைக் கூர்மையாகப் பார்ப்பார், ஸ்கேன் படிப்பவர் கட்டியைப் பார்ப்பார். எதையும் தவறவிடாத பொதுவான கூர்மை என்று ஒன்றை வளர்த்துவிடலாம் என்று சொல்லும் பயிற்சிகளை நான் நம்பவில்லை. அதற்கு மேல், பழக்கமே ஒரு எதிரியாகவும் மாறும். 2005-இல் ஜெரமி உல்ஃபும் சகாக்களும் காட்டியபடி, தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தால் மக்கள் அதைத் தவறவிடுவது சுமார் 7 விழுக்காடு. நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தால், அதே பொருளைத் தவறவிடுவது சுமார் 30 விழுக்காடு. அரிதாக வருவதைத் தேடும் கண் சீக்கிரமே ‘இல்லை’ என்று முடித்துவிடுகிறது. விமான நிலையங்களில் பைகளை ஊடுகதிரில் பார்ப்பவர்களின் திரையில், உண்மையில் பைக்குள் இல்லாத ஆயுதப் படங்களை அவ்வப்போது செயற்கையாக நுழைக்கும் முறை உண்டு. கவனம் தளராமல் இருக்கவும் சோதிக்கவும் அது உதவுகிறது.

நம்மால் செய்யக்கூடியது, கேள்வியை வேண்டுமென்றே மாற்றி மீண்டும் ஒருமுறை பார்ப்பது. ‘இன்னும் நன்றாகப் பார்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால் பெரிதாக ஒன்றும் வராது, பழைய கேள்விக்குப் பழைய பதிலே திரும்ப வரும். எழுதியதைத் திருத்தும்போது ஒருமுறை பொருளுக்காகவும் இன்னொருமுறை எழுத்துப் பிழைக்காக மட்டுமும் படியுங்கள். கூட்டத்தில் குழந்தையைத் தேடும்போது குழந்தை என்று தேடாமல் அன்று போட்டுவிட்ட சட்டையின் நிறத்தைத் தேடுங்கள். சாலைச் சந்திப்பில் வண்டியைத் திருப்பும் முன், கார் வருகிறதா என்று பார்த்த பிறகு, இரு சக்கர வண்டி வருகிறதா, யாராவது நடந்து வருகிறார்களா என்று அந்தச் சொற்களையே மனதில் சொல்லி மறுபடி ஒருமுறை பாருங்கள். அதற்கு ஓரிரு நொடிகள் கூடுதலாக ஆகும்.